மாறு, மாற்று, கொள்ளை: கொடுத்துக் கொள்ளல் குறித்த சொற்களின் பொருள்நிலை

1. முன்னுரை

ஆங்கிலத்தில் 'எக்சேஞ்சு' என வழங்கும் சொல் பலபொருள் ஒருசொல்லாகும். ஒரு பண்டத்தைக் கொடுத்து மற்றொரு பண்டத்தைக் கொள்ளுதலும், ஒரு நாட்டு நாணயத்தைத் தந்து பிறிதொரு நாட்டு நாணயத்தைப் பெறுதலும், இருவர் சொல்லாடுதலும், போரில் சிறைப்பட்டோரை இருதிறத்தாரும் விடுவித்துக் கொள்ளுதலும் அச்சொல்லால் குறிக்கப்படும். இவை செயலைக் குறிப்பன. இவற்றோடு, வணிகர் கூடும் மண்டபமும், பங்குகள் விற்கப்படும் இடமும், தொலைபேசி இணைப்புத் தரும் நிலையமும், வேலை நாடுவோர் பெயரைப் பதியும் அலுவலகமும் அச்சொல்லாலேயே வழங்கப்படுகின்றன. செயலின் பெயர் இடத்திற்கு ஆகிவந்த வரலாறு பழையது. தாமசு கிரெசாம் என்னும் வணிகர் இலண்டனில் கட்டிய மண்டபத்தை முதலாம் எலிசபெத்து அரசியார் 1571-இல் திறந்து வைத்தபின், வணிகர் கூடும் இடத்திற்கு அப்பெயர் நிலைபெற்றது. சென்னைப் புனித சார்ச்சுக் கோட்டையில் இன்று அருங்காட்சியகம் உள்ள கட்டடம் 1795-இல் கட்டிமுடிக்கப்பட்டது; அதன் மேல்தளத்துக் கூடம் வணிகர் கூடும் இடமாக விளங்கியமையின் அதுவும் இப்பெயரால் வழங்கிற்று.

இவ்வொரு சொல்லுக்குத் தமிழில் இன்று வழங்குவன பல. பண்டமாற்று, நாணயமாற்று, மாற்றுச்சீட்டு, அந்நியச் செலாவணி, பங்குச் சந்தை, தொலைபேசி இணைப்பகம், வேலைவாய்ப்பகம், கருத்துப் பரிமாற்றம் எனத் துறைதோறும் வேறு வேறு சொல் எழுந்துள்ளது. இப்பன்மையைக் குறையெனக் கொள்வார் உளர். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எல்லா இடத்தும் ஒரே தமிழ்ச்சொல் நிற்றல் வேண்டும். அது 'பரிமாற்றம்' என்பதாகலாம் என்பது அவர் கொள்கை. 1956-ஆம் ஆண்டின் தமிழ் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் கலைச்சொல் ஆக்கம் விரிந்த காலந்தொட்டு இக்கருத்து அவ்வப்போது தலைதூக்கி வருகின்றது.

இதனோடு தொடர்புடைய மற்றொரு கருத்தும் உண்டு. சங்க இலக்கியத்துள் காணும் பண்டமாற்று, ஆதாய வேட்கை அறியாத சமன்பட்ட வாழ்வின் சான்று என்று இலக்கிய வரலாற்று நூல்களிலும் வகுப்பறைகளிலும் கூறப்படுவதே அது. இவ்விரண்டும் ஒரே பிழையின் இருமுகங்கள் என்பது இக்கட்டுரையின் துணிபு. கொடுத்துக் கொள்ளலை ஒரே செயலாகக் கருதுவதே அப்பிழை. பழந்தமிழ்ப் புலவரோ அதனைப் பலவாகக் கண்டு, ஒவ்வொன்றிற்கும் உரிய சொல்லை வேறு வைத்தனர்.

2. 'மாறு' என்னும் வினை

கொடுத்துக் கொள்ளுதலைக் குறிக்கும் பழைய வினை 'மாறு' என்பதாகும். காரணப் பொருளில் வரும் 'மாறு' என்னும் இடைச்சொல் ஈண்டு ஆராய்ச்சிக்கு உரியதன்று. குறுந்தொகை 269-ஆம் செய்யுளில், தலைவியின் தாய் உப்பைக் கொடுத்து வெண்ணெல் கொணர்தற்பொருட்டுப் புறஞ்சென்றமை கூறப்படுகின்றது. அங்கு உப்புக்குப் பின் நிற்கும் வினை 'மாறி' என்பதே. கொடுக்கும் பொருள் இரண்டாம் வேற்றுமை ஏற்று நிற்கக் கொள்ளும் பொருள் வேறொரு வினைக்குச் செயப்படுபொருளாவது நோக்கத்தக்கது. எனவே 'மாறுதல்' என்பது கொடுக்கும் பக்கத்தினின்று பார்த்து எழுந்த சொல் என்பது போதரும். கொள்ளுதல் அதன் பயனாகப் பின்வருவது.

முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையிலும் இவ்வினை வருகின்றது. தேனும் கிழங்கும் தந்தோர் மீன்நெய்யும் நறவும் கொண்டு செல்வர். கரும்பும் அவலும் தந்தோர் மான்தசையும் மதுவும் கொண்டு செல்வர். குறிஞ்சியும் நெய்தலும் மருதமும் தத்தம் விளைபொருளால் ஒன்றையொன்று தொடும் இப்பகுதி, கரிகாலனது நாட்டுவளம் கூறுமிடத்தே வருவது. புலவரின் நோக்கம் திணைமயக்கத்தின் இன்பத்தைக் காட்டுவதேயாம். எத்துணைத் தேனுக்கு எத்துணை நறவு என்பதை அவர் கூறவில்லை. கூறவேண்டிய இடமும் அன்று. அளவு கூறாமையையே அளவில் சமன் இருந்தமைக்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

புறநானூறு 33-ஆம் பாட்டில் கோவூர்கிழார் காட்டும் காட்சியும் இத்தகையது. வேட்டுவன் மான்தசை கொணர்ந்த வட்டியும், ஆய்மகள் தயிர் கொணர்ந்த பானையும், உழவர் மனைப் பெண்டிரால் நெல் நிரப்பப்பட்டு மீளுகின்றன. கலம் ஒன்றே, உள்ளிருந்தது மாறிவிட்டது. ஈண்டு அளக்கும் கை நெல்லுடையாரின் கை என்பதும் மறத்தற்பாலதன்று. பாண்டியனது தென்னாட்டு வளம் பாடும் புலவர்க்கு அது கொடைபோலவே தோன்றுகின்றது. வேட்டுவன் பக்கத்திருந்து பாடியிருப்பின் எங்ஙனம் தோன்றியிருக்கும் என்னும் வினாவைத் திறனாய்வாளர் எழுப்பாது விடலாகாது.

3. நேர், விலைமாறு, கொள்ளை

அளவு குறிப்பிடப்பெறும் இடங்களும் உள. அம்மூவனார் பாடிய அகநானூறு 140, 390 ஆகிய இரு செய்யுட்களிலும் உமணர் மகள் நெல்லுக்கு உப்பு ஒத்த அளவு எனத் தெருவில் கூவுகின்றாள். இரண்டிலும் அவ்வொப்பைக் குறிப்பது 'நேர்' என்பதன்கண் பிறந்த சொல். 140-ஆம் செய்யுளில் அவள் கூவுதலை 'விலைமாறு' கூறல் என்கின்றார் புலவர். விலையும் மாறும் ஒருசொல் நீர்மையாய் இணைந்த இத்தொடர் மிக்க கருத்துடையது. மாறுதலாகிய செயல் வேறு, அதன் அளவாகிய விலை வேறு என்னும் தெளிவு இருந்தாலன்றி இத்தொடர் பிறவாது. நாணயம் இடையில் வாராத இடத்தும் விலை உண்டு என்பதை இத்தொடர் காட்டும்.

இவ்விரு செய்யுட்களின் சுவை யாண்டுளது? உப்பும் நெல்லும் நேர் எனக் கூவும் அவளது கண், கேட்டு நின்ற தலைவனுக்கு ஈடற்ற நோயைத் தந்தது என்கின்றது 140. அவள் தந்தது நோய். அவன் இழந்தது நெஞ்சு. இவற்றுள் நேர் என்பது இல்லை. 390-இல் தலைவன் அவள் வழியை மறித்து, அவள் மெய்யில் வாழும் உப்புக்கு விலை யாது என அறியேம் என நகையாடுகின்றான். விலை கூறத்தக்கதும் கூறத்தகாததும் ஒருங்கு நிறுத்தப்படுதலே இங்கு அணி. தெருவில் ஒலிக்கும் சமன் நெஞ்சில் இல்லை என்பதே அம்மூவனார் கண்ட முரண். இச்செய்யுட்களிலிருந்து 'உப்பும் நெல்லும் சமவிலை' என்னும் செய்தியை மட்டும் பிரித்தெடுத்துப் பொருளியல் வரலாற்றுக்குச் சான்றாக்கி, எஞ்சியதை விட்டுவிடுதல், உமியைக் கொண்டு அரிசியை எறிதல் போல்வது.

இனி, 'கொள்ளை' என்னும் சொல் நோக்கற்பாலது. நற்றிணை 183-ஆம் செய்யுளில் உமணர் தம் நாட்டு நெல்லைக் கொணர்ந்து பிறநாட்டு உப்பின் 'கொள்ளை' சாற்றுவர். அங்கு அச்சொல்லின் பொருள் விலை என்பதே. கொள் என்னும் அடியிற் பிறந்து, கொள்ளும் அளவைக் குறித்தது அது. பிற்காலத்தே அதே சொல் வலிந்து கவர்தலைக் குறிப்பதாயிற்று. இன்று விலை என்னும் பொருள் வழக்கொழிந்தது. இவ்விரு பொருளும் 'கொள்' என்னும் ஒரே அடியினின்று இயல்பாகவே கிளைத்தவை என்பது சொல்லளவில் உண்மை. எனினும், கொடுத்துக் கொள்ளலும் கொடாமற் கொள்ளலும் ஒரே அடியினின்று பிறக்கக் கூடியன என்பதையும், இரண்டையும் பிரிப்பது கொடுத்த அளவு ஒன்றே என்பதையும் இச்சொல்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது. பட்டினப்பாலை, புகார் வணிகர் கொள்ளுங்கால் மிகையும் கொடுக்குங்கால் குறையும் தவிர்த்தனர் எனச் சிறப்பித்தது இதுபற்றியே. மிகை கொள்வாரும் குறை கொடுப்பாரும் இல்லாத உலகில் அப்புகழுரைக்கு இடமில்லை.

4. இருவகைப் பண்டம்

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் ஆய்மகள் மோர் விற்றுப் பெற்ற உணவால் சுற்றத்தை உண்பிக்கின்றாள். நெய்யை விற்குங்கால் அவள் பொன்னைக் கொள்ளாள். எருமையும் பசுவும் கன்றுமாகவே கொள்வாள். மோர்க்கு உணவு, நெய்க்கு ஆன் என இருவேறு வரிசை ஈண்டு உளது. அன்றாடம் உண்டு தீர்வது ஒரு வரிசை; பெருகி நிற்கும் செல்வம் மற்றொரு வரிசை. பொன் அவள் கைக்கு எட்டாததன்று, வேண்டாதது. பவுல் பொகானன் என்னும் மானிடவியலார் நைசீரியாவின் திவ் மக்களைப் பற்றி 1955-இல் எழுதிய ஆய்வில், உணவுப்பண்டம் ஒரு வட்டத்திலும் மதிப்புயர்ந்த பண்டம் மற்றொரு வட்டத்திலும் மாறுவதைக் காட்டினார். அவர் வகுத்த கோட்பாட்டை அறியாமலே நம் புலவர் அக்காட்சியைத் தந்துள்ளார். இதனைப் 'பண்டமாற்று' என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டால் ஆய்மகளின் தேர்வு மறைந்துபோம்.

மற்றொன்றும் இங்குக் கருதத்தக்கது. உறையூர் முதுகொற்றனார் பாடிய குறுந்தொகை 221-இல் இடையன் பாலோடு வருகின்றான்; உணவோடு மீளுகின்றான். எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய அகநானூறு 149-இல் யவனர் கலம் பொன்னோடு முசிறிக்கு வருகின்றது, மிளகோடு மீளுகின்றது. இரண்டிலும் தொடரமைப்பு ஒன்றே. சிற்றூர் இடையனுக்கும் கடல்கடந்த கலத்திற்கும் புலவர் ஒரே வாய்பாட்டைக் கையாண்டனர்.

ஆயின் வாய்பாடு ஒன்றாயினும் செயல் ஒன்றன்று. வியன்னா நகரில் உள்ள முசிறி பாப்பிரசு ஏடு 1985-இல் வெளியிடப்பட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வேட்டில், முசிறி வாணிகத்தின்பொருட்டுப் பெற்ற கடனுக்குச் சரக்கே ஈடாக நிற்றலும், எர்மபொல்லோன் என்னும் கலத்திற் சென்ற சரக்கின் மதிப்பும், உரோமப் பேரரசு கால்பங்கு வரி கொள்ளுதலும் காணப்படுகின்றன. பொன்னுக்கும் மிளகுக்கும் இடையே கடன் கொடுத்தோன், ஈடு, சுங்கம் எனப் பலர் பலவாக நிற்கின்றனர். இடையனின் பாலுக்கும் உணவுக்கும் இடையே அவ்வாறு ஒருவரும் நின்றதாகச் செய்யுள் கூறவில்லை. ஒரே தொடரால் கூறப்பட்டமையின் இரண்டும் ஒன்றெனல் பிழையாம்.

5. மாற்று, மாற்றம், மாற்றார்

'மாறு' என்பதன் பிறவினைப் பெயராகிய 'மாற்று' என்பதன் பொருட்கிளைகளை அகராதிகள் எண்ணிட்டுத் தருகின்றன. அவை ஒன்றற்கொன்று எவ்வாறு உறவுடையன என்பதைக் காட்டுதல் அகராதியின் வேலையன்று, ஆராய்ச்சியாளனின் வேலை.

பொன்னின் தரத்தை 'மாற்று' என்பர். பத்தரை மாற்றுத் தங்கம் என்பது இன்றும் உலக வழக்கு. பொற்கொல்லர் பொன்னை உரைகல்லில் உரைத்துத் தரமறிந்த ஆணியின் கீற்றோடு ஒப்பிட்டு மாற்றுக் காண்பர். ஒன்றன் எதிரே ஒன்றை நிறுத்தி மதிப்பிடுதல் இங்கு உள்ளமையின், கொடுத்துக் கொள்ளற்கண் நிகழும் மதிப்பீடே தரத்தின் பெயராயிற்று எனக் கருதலாம். 'மாற்றம்' என்பது சொல், மறுமொழி என்னும் பொருளது. அவையஞ்சாமை அதிகாரத்துத் திருக்குறள் அவ்வாறே ஆளும். ஒருவர் சொல்லுக்கு எதிராக மற்றொருவர் சொல் தருதலே அது. 'மாற்றார்' பகைவர், எதிரே நிற்போர். 'மாற்றாள்' ஒருத்தியின் இடத்தில் வந்து நிற்கும் மற்றொருத்தி. வண்ணாத்தி சடங்கு நாள்களிற் கொடுக்கும் வெளுத்த சேலையைப் பல வட்டாரங்களில் 'மாற்று' என்றும் 'மாத்து' என்றும் வழங்குவர்; ஒன்றன் இடத்தில் ஒன்று என்பதே ஆண்டும் பொருள்.

இவற்றையெல்லாம் ஊடுருவி நிற்பன இரு கருத்து: எதிரே நிற்றல், இடத்தில் நிற்றல். கொடுத்துக் கொள்ளலில் இவ்விரண்டும் ஒருங்கே உள. பொருள்கள் ஒன்றன் இடத்தில் ஒன்று வருகின்றன. ஆட்கள் ஒருவர் எதிரே ஒருவர் நிற்கின்றனர். எதிரே நிற்போர் நட்டாராகவும் இருக்கலாம், மாற்றாராகவும் இருக்கலாம். தமிழ்ச்சொல் இவ்விரு நிலைக்கும் வாயில் திறந்து வைத்திருக்கின்றது.

6. கைம்மாறு, கைமாற்று, பரிமாறல்

திருவள்ளுவர் ஒப்புரவறிதல் அதிகாரத்தின் தொடக்கத்தில் மழையை எடுத்துக்காட்டி, கடப்பாடு கைம்மாறு வேண்டாதது என்றார். கைம்மாறு என்பது கொடுத்ததற்கு எதிராகக் கையில் வரும் பொருள். அதனை மறுத்துரைத்தலால் கொடையும் மாறுதலும் வேறென்பது நிலைநாட்டப்படுகின்றது. மார்சல் மோசு என்னும் பிரெஞ்சு அறிஞர் கொடை பற்றி 1925-இல் வெளியிட்ட ஆய்வில், தொல்குடிகளிடையே எக்கொடையும் எதிர்க்கொடையைக் கடமையாக்கும் என்றார். அவர் கூறுவது உலகில் நிகழ்வது. வள்ளுவர் கூறுவது உலகில் நிகழவேண்டுவது. முரண்போலத் தோன்றும் இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆராய்வார்க்குக் 'கைம்மாறு' என்னும் ஒரு சொல்லே திறவுகோலாகும்.

அதே சொல்லின் இனமான 'கைமாற்று' பேச்சு வழக்கில் வேறு பொருள் பெற்றது. ஆவணமும் வட்டியும் இன்றி, சின்னாட்களில் திருப்பித் தருவதாக வாங்கும் சிறுகடன் கைமாற்று எனப்படும். சின்னசேலம் போலும் சந்தையூர்களில், விளைச்சலுக்கும் விற்பனைக்கும் இடைப்பட்ட நாட்களில் குடும்பங்கள் நடப்பது பெரும்பாலும் இதனாலேயாம். இதனை 'எக்சேஞ்சு' என எவ்வாற்றானும் பெயர்க்கவியலாது. நம்பிக்கையே ஈடாக நிற்கும் கடன் இது.

'பரிமாறுதல்' என்பதோ இன்னும் வியப்புடையது. உணவு படைத்தலைக் குறிக்கும் அச்சொல்லில் எதிர்ப்பொருள் இல்லை. பந்தியில் பரிமாறுவார் எதனையும் கொள்வதில்லை. அதன் பெயர்வடிவமாகிய 'பரிமாற்றம்' இருபாலும் சேறலைக் குறிக்கும் கலைச்சொல்லாயிற்று. கருத்துப் பரிமாற்றம் என்னும் தொடரில் இது மிகப் பொருந்துகின்றது. கருத்தைக் கொடுத்தவன் அதனை இழப்பதில்லை ஆதலின். பொருள் கைமாறுமிடத்து அச்சொல் அத்துணைப் பொருத்தமுடையதன்று. கொடுத்தவன் இழக்கின்றான், இழந்ததன் அளவும் பெற்றதன் அளவும் யாவை என்னும் வினா அங்கு எழுந்தே தீரும். 'பரிமாற்றம்' அவ்வினாவை எழுப்புவதில்லை.

7. மலையும் சந்தையும்

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்குக் கல்வராயன் மலையும் அதன் அடிவாரமும் சான்று. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை முதலிய புன்செய்த் தானியம் விளைப்போர். கடுக்காய், புளி, தேன் முதலியவற்றைச் சேர்ப்போர். மலைபடு பொருள் கீழே இறங்க, உப்பும் துணியும் எண்ணெயும் மேலே ஏறின. பொருநராற்றுப்படையின் காட்சி இதுவே என்று வகுப்பறையில் மாணவர்க்கு எடுத்துரைத்தல் எளிது. ஆயின் மலைவாழ்நர் வணிகரிடம் முன்பணம் பெற்று, விளையுமுன்னரே விலை முடிவாகிவிடும் நிலை இந்தியாவின் மலைப்பகுதிகள் பலவற்றிலும் அறியப்பட்டதொன்று. அங்கு இறங்குவது பண்டமாயினும் நிகழ்வது கடன் தீர்த்தல். அதற்குப் 'பண்டமாற்று' என்னும் பெயர் தகாது. 'விலை' என்னும் பெயரும் அரைகுறையாகவே தகும்.

சட்டமொழி இவ்வேறுபாட்டை அறிந்துள்ளமை காண்க. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைமுறை ஒழிப்புச் சட்டம், முன்பணத்திற்கு ஈடாக உழைப்பைத் தரும் உடன்பாட்டை இருவர் மனமொத்த மாறுதலாகக் கொள்ளாது செல்லாததாக்கிற்று. 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம், சிறுவன மகசூலைச் சேர்க்கவும் விற்கவும் வனவாழ்நர்க்கு உரிமையுண்டென்றது. அம்மகசூலுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை வழங்கும் திட்டம் 2013-14 முதல் நடப்பது. கடுக்காயும் அதன்கண் அடங்கும். இங்கெல்லாம் அரசு எடுத்தாளும் சொற்கள் உரிமை, விலை என்பன. பரிமாற்றம் என்று ஓரிடத்துச் சொல்லிவிட்டால், யார் எதனை எவ்வளவிற்கு இழந்தார் என்பது சட்டத்தின் பார்வையினின்று நழுவிவிடும்.

சமவெளியிலும் இதுவே நிலை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் நெல்லும் மக்காச்சோளமும் மறைமுக ஏலத்தால் விலைபோகின்றன. அங்கு வணிகர் தத்தம் விலையைச் சீட்டில் எழுதி இடுவர். மிக்க விலை எழுதியவர் கொள்வர். உமணர் மகள் தெருவில் உரக்கக் கூவிய விலை இங்கு மடித்த சீட்டுள் அடங்கிற்று. எனினும் அளவுகூறல் என்னும் செயல் இரண்டிற்கும் பொது. அதனைக் குறிக்கப் பழந்தமிழில் 'விலைமாறு' இருந்தது; 'நொடை' இருந்தது; 'கொள்ளை'யும் இருந்தது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். கொடுத்துக் கொள்ளலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்கள் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. 'மாறு' செயலையும், 'நேர்' ஒப்பையும், 'விலை' அளவையும், 'கொள்ளை' கொள்ளும் அளவையும், 'கைம்மாறு' எதிர்வரவையும் குறித்தன. ஆங்கிலச் சொல் இவற்றையெல்லாம் ஒன்றனுள் அடக்கிற்று; அது அம்மொழியின் வரலாறு. அதற்கு ஈடாக நாமும் ஒரு சொல்லையே நிறுத்தல் வேண்டும் என்பது, பிறமொழியின் வரலாற்றை நம்மொழியின்மேல் ஏற்றுவதாம். துறைதோறும் வேறு சொல் வழங்கும் இன்றைய நிலை கலைச்சொல்லாக்கத்தின் குறைபாடன்று. மொழியின் பழைய இயல்பு தொடர்தலேயாம். வேலைவாய்ப்பகம் என்னும் சொல் மூலச்சொல்லைப் பெயர்க்கவில்லை. அந்நிலையத்தின் பயனைக் கூறிற்று. அதுவே அதன் சிறப்பு.

இலக்கியத் திறனாய்வுக்கும் இதுவே நெறி. பண்டமாற்றுக் காட்சி வருமிடத்தெல்லாம் 'சமன்பட்ட வாழ்வு' என முடிவுகட்டாது, அங்குப் புலவர் ஆண்ட வினை யாது, அளவு கூறினாரா, அளந்த கை யாருடையது, எவர் பக்கத்தினின்று பாடினார் என வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவுங்கால் அம்மூவனாரின் உப்பு நெல்லுக்கு நேராக மட்டும் நில்லாது, விலையற்ற ஒன்றன் எதிரே நிற்பதைக் காண்போம். சங்கச் செய்யுட்களில் விற்றல், கொள்ளல், நொடுத்தல், பகர்தல், மாறுதல் என வரும் வினைகளனைத்தையும் திணைவாரியாகத் தொகுத்து, கொடுக்கும் பொருளும் கொள்ளும் பொருளும் ஏற்கும் வேற்றுமைகளை ஆராய்தல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க நற்பணியாகும். அத்தொகுப்பு முற்றுப்பெறின், கலைச்சொல் ஆக்குவோர்க்கும் அது கைவிளக்காய் உதவும்.